பைலட் சுடலைமாடத்தி

மூன்றாவது தடவையும் கூப்பிட்டுப் பார்த்தார் மரியான். "ஏஞ்சலின்."

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகள் திரும்பவில்லை. வெள்ளைச் சட்டை ஒன்றை ஓங்கி உதறிக் கொடியில் போட்டு, காற்றில் பறக்காமலிருக்க இரண்டு தோளிலும் கிளிப் மாட்டினாள். ஆறடிக்குச் சற்றுக் குறைவான உயரம். அவளுக்கு எட்டாத உயரத்தில் இந்த வீட்டில் எந்தக் கொடிக்கயிறும் இல்லை. குசினியிலிருந்து மனைவி ஆக்னஸ் தலையை நீட்டி, "எம்மா, மாமா கூப்பிடுதாவ பாரு" என்றபோதுதான் சட்டென்று திரும்பினாள்.

"என்னையா மாமா? மன்னிச்சிக்கிடுங்க. என்னைத்தான் கூப்பிடுதீங்கன்னு தெரியல."

அவள் முகத்தில் கள்ளம் இல்லை. மரியானுக்கு அதுதான் தாங்கவில்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருந்தால் ஒரு சத்தம் போட்டு ஓய்ந்திருக்கலாம். அவர் கேட்க நினைத்தது மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதைத்தான். அதைக் கேட்காமலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது ஆடி. ஆறு மாதமாக அந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிடுவதும், அவள் திரும்பாமல் இருப்பதும் நடந்துகொண்டிருந்தது.

ஏஞ்சலின் என்பது மரியானுடைய தாயாரின் பெயர். அப்பா சந்தியாகு சங்கு குளிக்கப் போய்த் திரும்பி வராதபோது மரியானுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையூரணி வரைக்கும் நடந்தே போய் விற்று அவரை ஆளாக்கினாள். அவள் இறந்து முப்பது வருடமாகிறது. ஒரு பெண் பிறந்தால் அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று வைத்திருந்தார். மகன் ரெக்சன் ஒருத்தனோடு ஆக்னஸுக்குப் பிள்ளைப்பேறு நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் வள்ளத்துக்கு வைத்தார். மீன்பிடித் துறையில் நிற்கும் எத்தனையோ நாட்டுப்படகுகளுக்கு நடுவே நீலத்தில் வெள்ளை எழுத்தில் ஏஞ்சலின் என்று அது ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் வள்ளத்தை வீட்டுக்குள் வைத்துக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் ஒரு பெண் 'என்ன' என்று கேட்டு வர வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

ரெக்சன் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவன். முப்பத்தாறு வயது வரைக்கும் எந்தப் பெண்ணையும் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவன், ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில், "அப்பா, நான் ஒரு பிள்ளையக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன். துறைமுகத்துல பைலட்டா இருக்கா" என்றான்.

துறைமுகத்துப் பைலட் என்றால் என்ன வேலை என்று கடலில் இருக்கிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிக்கடலில் கப்பல் வந்து காத்து நிற்கும். பைலட் ஒரு படகில் போய், ஓடுகிற கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து மேலே ஏறி, கேப்டன் பக்கத்தில் நின்று, கப்பலை அலைதடுப்புக் கற்களுக்கு நடுவே உள்ளே கொண்டுவந்து கட்டவேண்டும். ஆண்கள் அப்படி ஏறுவதை மரியான் தூரத்தில் பார்த்திருக்கிறார். அந்த வேலையைச் செய்கிற ஒரு பெண் தன் வீட்டு முற்றத்தில் துணி காயப்போடுவாள் என்று மட்டும் நினைத்ததில்லை.

"பேரு என்னலே?"

ரெக்சன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சுடலைமாடத்தி."

ஆக்னஸ் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மரியான் சிரிக்கவில்லை. விளாத்திகுளத்துப் பக்கம் மிளகாய் வத்தல் கடை வைத்திருக்கும் தாணுலிங்கம் என்பவரின் மகள் என்று பையன் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு அவர் காதில் சரியாக விழவில்லை.

ஆனால் பெண்ணைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயரிடம் அனுமதி வாங்கி, ஞானஸ்நானம் இல்லாமலே, கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. கட்டாயப்படுத்தக் கூடாது என்று சாமியார் சொன்னதையும் ஏற்றுக்கொண்டார். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனுசன் ஒன்றே ஒன்றைக் கேட்டார். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். ஏஞ்சலின் மச்சாடோ. பங்குக்கோயிலின் குடும்பப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிடலாம். அரசிதழில் பெயர் மாற்றுவதற்கான பாரத்தை ரெக்சனே கொண்டுவந்து நிரப்பினான். பழைய பெயர், புதிய பெயர், காரணம்: திருமணம். கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்தப் பாரம் மாதா சுரூபத்துக்குக் கீழே மடித்து வைத்தபடி கிடந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அவளே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"மாமா, நான் ஏன் கையெழுத்துப் போடலன்னு உங்கள்ட்டச் சொல்லணும். சொல்லாம இருக்கது மரியாதை இல்ல."

"சொல்லு."

"எனக்கு முன்னால ரெண்டு பிள்ளை பிறந்து தங்கல. எங்க அப்பா சுடலைமாடன் கோயில்ல போய் வெறும் மண்ணுல விழுந்து கிடந்தாங்களாம். மூணாவது தங்குச்சுன்னா உன் பேருதான்னு. நான் தங்கிட்டேன்." அவள் சிரித்தாள். "பள்ளிக்கூடத்துல இந்தப் பேரை வச்சுக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. கப்பல் படிப்புக்கு மெட்ராஸ் போனா அங்க அதுக்கு மேல. சொல்லிக்குடுக்கிற வாத்தியாரே, 'சூஸின்னு வச்சுக்கோம்மா, கடல்ல சௌகரியமா இருக்கும்'னாரு. அன்னைக்கே மாத்தியிருந்தா லேசாப் போயிருக்கும். மாத்தல. பதிமூணு வருசம் கப்பல்ல கிடந்தேன் மாமா. கொரியாக்காரன், கிரேக்கன், பிலிப்பைன்ஸ்காரன் எல்லாவனும் நாக்கு சுளுக்கி இந்தப் பேரைச் சொல்லிப் படிச்சான். இப்ப நானே அது வேண்டாம்னா எப்படி?"

மரியான் பொறுமையாகவே சொன்னார். "உம் பேரை நான் குறைச்சிச் சொல்லலம்மா. ஆனா எங்க வீட்டுப் பேரும் லேசுப்பட்டதில்ல. போர்ச்சுகீஸ்காரன் ஞானஸ்நானம் குடுத்த நாள்லேருந்து ஐந்நூறு வருசமா இந்தக் கரையில நிக்கிது. மச்சாடோன்னா கொழும்புல போய்ச் சொன்னாலும் தெரியும், கொச்சியில போய்ச் சொன்னாலும் தெரியும்."

"தெரியும் மாமா." அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு முன்னாடி என்ன பேரு?"

"எதுக்கு முன்னாடி?"

"மச்சாடோ ஆகுறதுக்கு முன்னாடி. உங்க வீட்டுல மொதமொதல்ல ஞானஸ்நானம் வாங்குனவரு இந்தக் கடற்கரையில வரிசையில போய் நிக்கும்போது, அவருக்குன்னு ஒரு பேரு இருந்திருக்கும்லா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் அவருக்குப் பதில் இருந்திருக்கும். கப்பல் பாதையில் ஆழம் எவ்வளவு என்று விசாரிப்பதுபோல, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அவள் கேட்டாள். அறுபத்திரண்டு வருடத்தில் ஒருத்தர் கூட மரியானிடம் இதைக் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போய், பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் விசாரித்தார். பதிவேடுகள் அவ்வளவு தூரம் பின்னால் போகவில்லை என்றார் அவர். "போனாலும் அண்ணாச்சி, புதுப் பேரைத்தானே எழுதியிருப்பாவ? பழசை எதுக்கு எழுதப் போறாவ?"

அன்று வெகுநேரம் மரியான் கடற்கரையில் நின்றார். ஒரே நாளில், ஒரே கரையில், ஆயிரக்கணக்கான ஆட்கள். கடலடிப் பார்களில் மூழ்கி முத்துக் குளித்த உடம்புகள். வரிசையில் ஒருத்தர் போகிறார், தலையில் தண்ணீர் விழுகிறது, அந்தப் பக்கம் மச்சாடோவாக வெளியே வருகிறார். வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி அவரை எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்? கூப்பிட்டபோது அவர் திரும்பியிருப்பாரா? அந்த மனுசருடைய ரத்தம் தன் உடம்பில் ஓடுகிறது, மூக்கோ காதோ கூட அவருடையதாக இருக்கலாம், பெயர் மட்டும் தெரியாது. ஒருவேளை அதுவும் ஏதாவது ஒரு மாடனாக இருந்திருக்கலாம்.

ஆனாலும் மனது இறங்கி வரவில்லை. தோற்றுப்போன மாதிரி இருந்தது. அதிலிருந்து அவளிடம் நேராகப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆக்னஸிடம் சொன்னார். அப்படியும் கூப்பிட வேண்டி வந்தால் ஏஞ்சலின் என்றுதான் கூப்பிட்டார். ஆக்னஸ் ஒரு நாள் விளமீனுக்குச் செதில் உரசிக்கொண்டே கேட்டாள்.

"எம் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

"என்னளா கேள்வி இது? ஆக்னஸ் மச்சாடோ."

"பிறந்த வீட்டுல?"

அவருக்கு ஒரு நொடி பிடித்தது. "ஆக்னஸ் மோத்தா."

"நாப்பது வருசத்துல இன்னைக்குத்தான் அது உங்க வாயில வந்திருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் உரசத் தொடங்கினாள்.

ஆடி இரண்டாம் வாரம் அது நடந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று நாலைந்து நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மரியானும், இருபது வருடமாக அவரோடு கடலுக்கு வரும் ஞானதீபமும் விடியுமுன் போய் வலை போட்டார்கள். காலை எட்டு மணிக்கு வலையை இழுத்து வாங்கும்போது அதன் ஒரு கோடி கப்பல் பாதையின் ஓரத்தில் அடையாளத்துக்கு மிதக்கும் போயாவின் சங்கிலியில் போய்ச் சிக்கியிருந்தது தெரிந்தது. அதை எடுக்கலாம் என்று வள்ளத்தைத் திருப்பியபோது மறு கோடி இஞ்சினின் விசிறிக்குள் இழுபட்டுச் சுற்றிக்கொண்டது. அடியில் ஒரு முட்டு. இஞ்சின் நின்றுவிட்டது. வள்ளம் போயாவோடு கட்டிப்போட்ட மாடு மாதிரி, காற்று தள்ளிய பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு, கப்பல் பாதையின் நடுவில் நின்றது.

"அண்ணாச்சி" என்றான் ஞானதீபம். குரல் மாறியிருந்தது. "கப்பலு."

கிழக்கே மங்கலில் முதலில் ஒரு கட்டிடம் நிற்பதுபோலத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு முகம் வந்தது. நிலக்கரி ஏற்றிவரும் கப்பல். கறுப்பு உடம்பு, அடியில் சிவப்பு. முழுப் பாரத்தோடு தண்ணீரில் அமுங்கி வந்துகொண்டிருந்தது. பாதைக்குள் நுழைந்துவிட்ட அப்படிப்பட்ட கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது, நினைத்த பக்கம் திரும்பாது என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ஆழம் குறைவு. அதற்குப் போக ஒரே வழிதான். அந்த வழியில் ஏஞ்சலின் நின்றது.

மரியான் வயர்லெஸை எடுத்தார். "வள்ளம் ஏஞ்சலின் பேசுதேன். வள்ளம் ஏஞ்சலின். கப்பல் பாதையில நிக்கோம். இஞ்சின்ல வலை சுத்திட்டு. நவர முடியல. கேக்குதா?"

கரகரவென்று சத்தம். துறைமுகத்திலிருந்து யாரோ இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"வள்ளம் ஏஞ்சலின், பைலட் பேசுதேன். எனக்குக் கேக்குது."

மருமகளின் குரல். ஆறு மாதமாக அவளை எந்தப் பெயரால் கூப்பிட்டாரோ, அந்தப் பெயரால் அவள் இப்போது அவரைக் கூப்பிட்டாள்.

"எத்தனை பேரு இருக்கீங்க?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கீங்களா?"

உட்காருகிற பலகைக்கு மெத்தையாகக் கிடந்த இரண்டையும் மரியான் பார்த்தார். "போடுதோம்."

"போட்டுட்டுச் சொல்லுங்க."

வீட்டில் சாம்பாருக்கு உப்பு போதுமா அத்தை என்று கேட்கிற அதே குரல். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் யாரிடம் பேசுகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். இந்தக் கடலில் ஏஞ்சலின் ஒன்றுதான்.

ஜாக்கெட்டைப் போட்டு முடிப்பதற்குள் ஞானதீபம் கத்தியை எடுத்துவிட்டான். வலையை அறுத்தால் காற்று வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும், பாதையை விட்டு வெளியே போய்விடலாம். மரியானும் அதைத்தான் நினைத்திருந்தார். நாற்பத்தைந்து வருடக் கடல் அப்படித்தான் சொன்னது.

"வலைய அறுக்கப் போறோம்" என்றார் வயர்லெஸில்.

"அறுக்காதீங்க." இந்தத் தடவை குரல் கொஞ்சம் வேகமாக வந்தது. "இப்ப அறுத்தா காத்து உங்களைக் கப்பலுக்குக் குறுக்கத்தான் கொண்டு வரும். கப்பலை இழுக்கிற டக் படகு வருது. டக்கோட கயிறு உங்க வள்ளத்துல கட்டுன பிறகு, நான் சொல்லும்போது அறுங்க. கத்தியைக் கையிலயே வச்சிக்கிடுங்க."

மரியான் திரும்பிக் காற்றைப் பார்த்தார். போயாவைப் பார்த்தார். கப்பலின் முகத்தைப் பார்த்தார். மூன்றையும் மனதுக்குள் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அறுத்திருந்தால் நேராக அந்தக் கறுப்பு முகத்துக்குக் கீழே போயிருப்பார்கள். தன் கன்னத்தில் அடிக்கிற காற்றை ஒரு மைலுக்கு அப்பால், பத்து மாடி உயரத்தில் நின்றுகொண்டு, அவள் தன்னைவிடச் சரியாகப் பார்த்திருக்கிறாள்.

ஞானதீபத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அறுக்காதல."

"அண்ணாச்சி, கப்பலு வருதே!"

"அவ சொல்லட்டும்."

வயர்லெஸில் குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. டக் ஓட்டுகிறவர் பேசினார். "மாடத்தி மேடம், ஆறு நிமிசம் ஆவும்."

"நாலு நிமிசத்துல வேணும் பாண்டித்துரை அண்ணாச்சி."

"வாரேன் மேடம்."

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையும் பேசியது. பைலட் சுடலைமாடத்தி, பைலட் சுடலைமாடத்தி என்று முழுப் பெயரும் இங்கிலீஷுக்கு நடுவில் வந்து வந்து போனது. அவள் பொத்தானை அமுக்கியிருந்த ஒரு நேரம், அவளுக்குப் பின்னால் எந்த நாட்டுக்காரரோ, வயதான ஒரு கேப்டன் பதற்றத்தோடு, "மாடாத்தி, பைலட் மாடாத்தி" என்று கூப்பிடுவதும், அவள் நிதானமாக அவருக்கு ஏதோ சொல்வதும் கேட்டது. கேப்டனுக்கு அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள இருந்தது அந்தப் பெயர்தான் போலிருந்தது. மரியானுக்கும் அப்படித்தான் இருந்தது.

டக் நுரையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கயிறு பறந்து வந்து முதல் தடவை தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது தடவை ஞானதீபம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, வள்ளத்தின் முனையிலுள்ள அணியத்துக் கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றினான். கப்பலின் முகம் இப்போது வானத்தில் பாதியை மறைத்திருந்தது. அது ஒரு விரற்கடை வடக்கே விலகியிருக்கிறதோ என்று மரியானுக்குத் தோன்றியது. உற்றுப் பார்த்தார். ஆமாம், விலகியிருந்தது. அவ்வளவு பெரிய மலையை அந்த ஒரு விரற்கடை நகர்த்த அவள் என்னென்ன செய்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

"இப்ப அறுங்க."

ஞானதீபம் ஒரே இழுப்பில் அறுத்தான். புதுவலை அம்பு விட்டதுபோல் தண்ணீருக்குள் போனது. வள்ளம் தலையைத் திருப்பி டக்கின் பின்னால் தெற்கே பாய்ந்தது.

அப்போதுதான் வயர்லெஸில் அந்தச் சொல் வந்தது.

"மாமா, உக்காருங்க. நிக்காதீங்க. அலை வரும், எதையாவது இறுக்கிப் பிடிச்சிக்கிடுங்க."

மரியான் உட்கார்ந்தார். கப்பல் பக்கத்தில் போனது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். வெயில் அணைந்தது. துருப்பிடித்த இரும்பு, வெள்ளை எண்கள், இரும்பை நனைத்து வழிகிற தண்ணீர் என்று ஒரு சுவர் முடிவே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. இஞ்சின் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்செலும்பில் கேட்டது. சுவரின் கடைசியில், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில், கம்பிக்கு வெளியே ஒரு ஆரஞ்சுப் புள்ளி குனிந்து கீழே பார்த்தது. ஒரே ஒரு நொடி. பிறகு அது உள்ளே போய்விட்டது. அவளுக்கு இன்னும் கப்பலைக் கொண்டுபோய்க் கட்டுகிற வேலை இருந்தது.

அலை வந்து வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. எல்லாம் அடங்கிய பிறகு, "வள்ளம் ஏஞ்சலின், நல்லாருக்கீங்களா?" என்று குரல் கேட்டது. ஞானதீபம் வயர்லெஸைப் பிடுங்கி, "இருக்கோம் தாயி, இருக்கோம்" என்று அழுதான்.

துறைமுகத்து அலுவலகத்தில் அவர்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவள் வந்தாள். ஹெல்மெட்டின் வார் தாடையில் தடம் பதித்திருந்தது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததைப் பதிவுசெய்கிற ஒரு பாரத்தை எடுத்தாள்.

"எழுதணும் மாமா. எழுதாம விட முடியாது."

"எழுதும்மா."

"கொஞ்ச நாளைக்கு வள்ளத்தைக் கடலுக்கு விட மாட்டாங்க."

"தெரியும். தப்பு எம் மேலதான்."

"முழுப் பேரு சொல்லுங்க."

"மரியான் மச்சாடோ." தன் பெயரைத் தானே புதிதாகக் கேட்பதுபோல இருந்தது.

"அப்பா பேரு?"

"சந்தியாகு மச்சாடோ."

அவள் எழுதினாள். இடையில் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கியபோது தண்ணீர் தளும்பி மேசையில் விழுந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா" என்றார் மரியான். "பயந்திட்டியா?"

"நீங்க வள்ளத்தோட பேரைச் சொன்னதுமே பயந்துட்டேன் மாமா. ஆனா அங்கன நின்னு பயப்பட முடியாதுல்லா."

"குரல்ல ஒண்ணும் தெரியலையே."

"மொதல்லயே மாமான்னு சொல்லியிருந்தா உடைஞ்சிருக்கும். அதான் சொல்லல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கயிறு கட்டுனதைப் பாத்த பிறகுதான் சொன்னேன்."

மரியான் தன் லேஞ்சித் துண்டை எடுத்து மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தார். அவள் பாரத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். மேலே எல்லாம் இங்கிலீஷ். கையெழுத்து மட்டும் தமிழில். சு, ட, லை என்று ஒவ்வொரு எழுத்தாக, நடுக்கத்திலும் ஒன்றையும் விழுங்காமல் எழுதினாள். கோடு முடிந்து ஓரம் வரைக்கும் போனது.

"இத்தனை எழுத்தையுமா போடணும்?"

"ஆமா மாமா. சுருக்குனா யாருன்னு தெரியாது."

வள்ளத்துக்குப் பதினைந்து நாள் தடை போட்டார்கள். பெயர் மாற்றுகிற பாரத்தை என்னப்பா செய்ய என்று ரெக்சன் ஒரு தடவை கேட்டான். மரியான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பங்குக்கோயில் பதிவேட்டில் ரெக்சனுக்குப் பக்கத்தில் இருந்த கட்டம் காலியாகவே கிடந்தது. வீட்டில் அவளைக் கூப்பிட வேண்டியிருந்தால், எம்மா என்று மட்டும் சொன்னார். அந்த நீளப் பெயரை வாயில் எடுக்க ஏனோ கூச்சமாக இருந்தது. ஒருத்தருடைய மூக்குத்தியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல், எட்டாம் நாள், ஞானதீபத்தோடு அவன் மைத்துனன் வள்ளத்தில் கூட ஒரு ஆளாகப் போனார். பாதையை விட்டு வெகுதூரம் தள்ளி, வெளிக்கடலில் வலை போட்டிருந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கிய நேரம். காற்று விடவில்லை, கடல் குத்திக் குத்திக் கிடந்தது. சற்றுத் தூரத்தில் ஒரு கப்பல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதை நோக்கித் துறைமுகத்திலிருந்து சின்னப் படகு ஒன்று குதித்துக் குதித்து வந்தது.

"பைலட் போட்டு" என்றான் ஞானதீபம். வலையை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

கப்பலின் பக்கவாட்டில் நூல் மாதிரி ஏணி தொங்கியது. படகு அதன் அடியில் போய் ஒட்டியது. அலை படகை மேலே தூக்கியது, கீழே விட்டது, மறுபடி தூக்கியது. படகின் மேல்தளத்தில் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு ஓர் உருவம் எழுந்து நின்றது. உயரத்தைப் பார்த்ததும் மரியானுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அவசரப்படவில்லை. ஓர் அலையை விட்டாள். இன்னொன்றை விட்டாள். மூன்றாவது அலை படகை அதன் உச்சிக்குத் தூக்கிய நொடியில் ஏணியைப் பிடித்துக் கால் மாற்றினாள். படகு அவளுக்குக் கீழே இரண்டு ஆள் பள்ளத்தில் விழுந்து விலகிப்போனது. இரும்புச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே அவள் மட்டும் தொங்கினாள்.

மரியானின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. "மாதாவே, அவளைப் பாத்துக்கிடு" என்றார்.

சொன்ன பிறகு அது போதவில்லை. இந்தக் கரை நீளத்துக்கும் இந்நேரம் எத்தனை பேர் எத்தனை பெண்களுக்காக மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எவளை என்று மாதாவுக்கு எப்படித் தெரியும்? ஆளைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்ல வேண்டும்.

"சுடலைமாடத்திய, தாயே" என்றார் மரியான். ஒரு எழுத்தும் விட்டுப்போகாமல் இன்னொரு தடவை சொன்னார். "சுடலைமாடத்திய."

கப்பல் மெல்லச் சாய்ந்தது. ஏணி சுவரை விட்டு வெளியே விலகி, வெறும் காற்றில் ஒரு கணம் நின்றது. அவள் அசையாமல் அதோடு ஒட்டிக்கொண்டு காத்திருந்தாள். கப்பல் நிமிர்ந்தது. ஏணி திரும்ப வந்து இரும்பில் சேர்ந்ததும், ஆரஞ்சுக் கை ஒன்று மேலே நீண்டு அடுத்த படியைப் பிடித்தது.